பெயர் எழுதாத பொதி

சனிக்கிழமை, 17 ஒக்ரோபர் 1998

ரொறன்ரோ விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இறங்கினேன். பயோன் நகரிலிருந்து பாரிசுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம், பாரிசில் ஓர் இரவு, பிறகு விமானத்தில் எட்டு மணி நேரம். ரிக்கெற் மூவாயிரத்து இருநூறு பிராங். இந்தக் காசைச் சேர்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அக்காவைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிவிட்டதால் அதைப் பற்றி முறைப்பாடில்லை.

என்னிடம் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கிலோ. அவற்றில் என்னுடையது நான்கு சட்டையும் ஒரு குளிர் அங்கியும்தான். மிச்சமெல்லாம் ஊரார் பொதி. நம்மவர் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்ற கதை வெளியே போனால் போதும், பொதிகள் வீடு தேடி வந்துவிடும். பாரிசில் தங்கிய ஓர் இரவுக்குள் ஏழு பொதிகள் சேர்ந்தன. கூறைச் சேலை, குழந்தைச் சங்கிலி, நோவெண்ணெய் என்று ஒவ்வொன்றிலும் பெயரும் தொலைபேசி இலக்கமும் கறுத்த மையால் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

எட்டாவது பொதியில் மட்டும் எதுவும் எழுதவில்லை. அது தமிழர் பொதி இல்லை.

நான் இருக்கும் பயோன், பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்களைப் பிரெஞ்சுக்காரர் என்றோ ஸ்பானியர் என்றோ சொல்வதை விடப் பாஸ்க் மக்கள் என்று சொல்லவே விரும்புவார்கள். எல்லையின் இரு பக்கமும் அவர்களுடைய ஊர்தான். ஹொட்டேல் ஒன்றின் சலவை அறையில் வேலை செய்கிறேன். பெரிய கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் விரிப்பின் மறுமுனையை ஆறு வருடமாகப் பிடித்திருப்பவள் மைத்தே. அவளுடைய கணவன் பாஸ்க் ஆயுத இயக்கத்தில் இருந்து, ஸ்பெயினின் தெற்குக் கோடியில் சிறையில் கிடக்கிறான். கைதிகளை ஊரிலிருந்து எவ்வளவு தூரமாக வைக்கலாமோ அவ்வளவு தூரமாக வைப்பது அரசாங்கத்தின் வழக்கம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நாற்பது நிமிடம் கதைப்பதற்காக மைத்தே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போவாள், அதே பஸ்ஸில் திரும்புவாள், திங்கள் காலையில் வீங்கிய காலோடு விரிப்பு மடிக்க வந்து நிற்பாள்.

நான் ரொறன்ரோ போகிறேன் என்று தெரிந்த மறுநாள் ஒரு துணிப் பொதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உள்ளே ஒரு நூலில் கோத்த பன்னிரண்டு காய்ந்த மிளகாய்கள். அவர்களுடைய கிராமங்களில் இலையுதிர் காலத்தில் மிளகாயை மாலை மாலையாகக் கோத்து வீட்டுச் சுவரில் தொங்க விடுவார்கள். ஆனால் இந்தப் பன்னிரண்டும் ஒரு நிறமாக இல்லை. ஒரு முனையில் நல்ல சிவப்பு, போகப் போகக் கபிலம், மறுமுனையில் கரிக்கறுப்பு.

"என்ர தம்பி ஷாபியேருக்கு" என்றாள் மைத்தே. அவள் பேசியது பிரெஞ்சு. என் வாயில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அவனும் இயக்கத்திலை இருந்தவன். எண்பத்தாறிலை விட்டிட்டுக் கனடாவுக்குப் போட்டான். நான் அவனைத் துரோகி எண்டு சொன்னனான். இந்த வீட்டிலை அவன்ர பேரைச் சொல்லக்கூடாது எண்டு அம்மாவுக்கும் சொன்னனான். அம்மா ஒண்டும் பேசேல்லை. போன மாதம் அவ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. அவவின்ர உடுப்பு எடுக்க மேல் அறைக்குப் போனன். அலுமாரிக்குப் பின்னாலை இது தொங்குது. வருசம் ஒரு மிளகாய் எடுத்து அவனுக்கெண்டு கோத்து வைச்சிருக்கிறா, எனக்குத் தெரியாமல்."

கடிதம் இல்லையா என்று கேட்டேன். எழுதினால் மூன்றாவது வரியில் சண்டை பிடித்துவிடுவேன் என்றாள். ஒரு செய்தி மட்டும் வாயால் சொல்லச் சொன்னாள்: "இந்த வருசத்து மிளகாயை அம்மா கோக்கேல்லை. வந்து கையாலை வாங்கட்டாம்." பிறகு என் பேனையைப் பிடித்து நிறுத்தினாள். "பேர், விலாசம் ஒண்டும் எழுதாதை. மனசிலை வைச்சிரு." இயக்கக் குடும்பங்களின் பழக்கம் அது. நானும் அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள்தானே, தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் வந்த வினை எல்லாவற்றுக்கும் காரணம்.

சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து மிளகாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு மூடினார். வெளியே அக்காவும் அத்தானும் நின்றார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "என்னடி, உப்பிடி மெலிஞ்சு போனாய்" என்றாள். நான் மெலியவில்லை, எட்டுக் கிலோ கூடியிருந்தேன். பாசம் எடை பார்க்காது.

401 நெடுஞ்சாலையில் கிழக்கே அறுபது கிலோமீற்றர் ஓடினால் அஜக்ஸ். இங்கே வீடு கொஞ்சம் மலிவு என்று போன வருடம்தான் வாங்கியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் பெட்டி திறக்கும் சடங்கு. எங்கள் வீடுகளில் வந்தவரின் பெட்டி முதல் இரவே கூடத்தின் நடுவில் திறக்கப்பட வேண்டும். பெயர் எழுதிய பொதிகள் ஒரு பக்கம் போகும். பெயர் இல்லாதது எல்லாம் வீட்டுக்காரருக்கு. இது எழுதாத சட்டம். அக்கா பொதிகளைப் பிரிக்கப் பிரிக்க நான் சோபாவில் சாய்ந்தவள், அப்படியே நித்திரையாகிப் போனேன். பிரான்சில் அப்போது விடியப்போகும் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை, 18 ஒக்ரோபர்

காலை பத்து மணிக்கு அத்தானுடன் பொதி கொடுக்கப் புறப்பட்டேன். அத்தான் அதிகம் கதைக்காதவர். பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் அச்சு இயந்திரம் ஓட்டுகிறார். ஸ்காபரோவில் ஆறு வீடுகளிலும் தானே பொதியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், எல்லா வீட்டிலும் தேநீர் குடித்தார்.

ஏழாவது பொதி மார்க்கத்துக்கு. பெரிய தனி வீடுகள் உள்ள தெரு. அத்தான் காரைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்.

"நீ போட்டு வா வதனி. பதினெட்டாம் நம்பர்."

அது அத்தானின் தமையன் வீடு. எண்பத்தாறில் ஊரில் ஒரு இயக்கம் மற்ற இயக்கத்தைத் தடை செய்து, அதன் பிள்ளைகளை ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தான் தேடப்பட்ட பக்கம். தமையன் தேடிய பக்கம். தேடி வந்தவர்களுக்கு அத்தான் ஒளிந்திருந்த வீட்டைத் தமையன் காட்டிக்கொடுத்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அத்தான் கேட்கவில்லை, தமையன் சொல்லவில்லை. இருவரும் முப்பது கிலோமீற்றர் இடைவெளியில் குடியிருக்கிறார்கள், பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.

நான் பதினெட்டாம் இலக்க வீட்டில் பொதியைக் கொடுத்தேன். தமையன் வாசலில் நின்று என் தோளுக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்தார். "தனியவோ வந்தனீர்?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

திங்கட்கிழமை, 19 ஒக்ரோபர்

பகல் முழுவதும் நித்திரை. இரவு நண்டுக்கறியும் புட்டும். அத்தான் ஸ்காபரோவில் இறாத்தல் கணக்கில் வாங்கி வந்த நல்ல சதை நண்டு. ஆனால் அக்காவின் கறிக்குரிய உறைப்பு இல்லை. வாய் சும்மா இருக்குமா, சொல்லிவிட்டேன்.

"என்னக்கா, கனடா வந்து உறைப்பை மறந்திட்டியோ?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். விருந்தாளி என்பதால் இன்னொரு நண்டுக் காலை என் தட்டில் வைத்தாள். நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, 20 ஒக்ரோபர்

காலை ஏழு மணி. இன்று ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதிக்குப் போய் ஷாபியேரைப் பார்ப்பது என்று ஏற்பாடு. பெட்டியைத் திறந்தால் துணிப் பொதி இல்லை.

"அக்கா, அந்தத் துணிப் பொதி எங்கை?"

"எது, உன்ர உறைப்பில்லாத செத்தல் மிளகாயோ? நேற்று வறுத்து, மல்லி சீரகம் போட்டுத் தூளாக்கிப் போட்டன். அதிலைதானே நண்டு வைச்சனான். உவ்வளவு தூரத்திலையிருந்து கொண்டு வாறதெண்டால் உறைப்பான மிளகாயாக் கொண்டந்திருக்கலாம்தானே!"

நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு தாய் மகனுக்கென்று ஒளித்து வைத்த பன்னிரண்டு வருடத்தை நான் புட்டோடு பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டதோடு நில்லாமல் குறையும் சொல்லியிருக்கிறேன்.

விசயத்தைச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளுத்தது. "பேர் எழுதியிருந்தால் தொடுவனோடி?" என்றாள். பிறகு சட்டென்று, "எல்லாம் வறுக்கேல்லை. ஏழைத்தான் வறுத்தனான். கறுத்துப்போன அஞ்சைக் குப்பையிலை போட்டன்."

குப்பைப் பை வாசலில், தெருவோரத்தில் இருந்தது. குப்பை லொறி நான்கு வீடு தள்ளி உறுமிக்கொண்டு நின்றது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அத்தான் கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். சாரம் கட்டிய மனிதர், வெறும் காலோடு, குளிர் இரண்டு பாகையில், கறுத்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லொறிக்காரனுக்குக் கை காட்டி மறித்ததை அஜக்ஸ் மறந்திருக்காது. நாங்கள் மூவரும் வாகனத் தரிப்பிடத்தில் பையைக் கொட்டி, நண்டுக் கோதுகளுக்கு நடுவில் ஐந்து கறுத்த மிளகாயையும் நூலையும் பொறுக்கி எடுத்தோம்.

"இனி என்ன செய்யிறது?" என்றாள் அக்கா. "கடையிலை ஏழு செத்தல் மிளகாய் வாங்கிக் கோத்துக் குடுத்தால் என்ன? அவருக்குத் தெரியவே போகுது?"

மறைக்க என்ன, எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஒரு நிமிடம் நல்ல யோசனையாகவும் பட்டது. பதில் சொன்னவர் அத்தான்.

"தாய் குடுத்ததெண்டு நினைச்சு வேறை ஆற்றையோ மிளகாயைக் கும்பிட்டுக் கொண்டிருப்பான். அது பாவம். உள்ளதைச் சொல்லுவம்."

அக்கா நண்டுக்கறியில் மிச்சத்தை எவர்சில்வர் தூக்குச்சட்டியில் எடுத்தாள். தூள் போத்தலையும் எடுத்தாள். தானும் வருகிறேன் என்றாள்.

பார்க்டேலுக்கு ஐம்பத்தைந்து கிலோமீற்றர். ஏரிக்கரை வழியாகப் போய் ஜேம்சன் தெருவில் திரும்பினோம். இரு பக்கமும் அடுக்குமாடிகள். "முதல் வந்த புதிசிலை உந்தக் கட்டடத்திலைதான் இருந்தனான். ரெண்டு அறையிலை ஒன்பது பேர்" என்று அத்தான் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினார். அதற்கு மூன்று கட்டடம் தள்ளி ஷாபியேர். அவர் அங்கே கட்டடப் பொறுப்பாளர். ரொறன்ரோத் தமிழர் அப்படிப்பட்டவரை "சூப்பர்" என்பார்கள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. எங்களைக் கண்டதும், "வாடகை வீடு ஒன்றும் காலி இல்லை" என்றார் ஆங்கிலத்தில். நான் பிரெஞ்சில், "மைத்தே அனுப்பினவ" என்றேன். அவருடைய கை தானாகச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது. வழியின் இரு பக்கமும் பார்த்துவிட்டு எங்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாய் விழுந்தது, அலுமாரி, பன்னிரண்டு மிளகாய், பெயர் எழுதாத பொதி, அக்காவின் சட்டி, குப்பை லொறி. இந்த வருடத்து மிளகாயை வந்து வாங்கச் சொன்னதையும் சொன்னேன். மேசையில் ஐந்து கறுத்த மிளகாய், வெறும் நூல், தூள் போத்தல். அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு, "சொறி, வெரி சொறி" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

அவர் கதிரையை இழுத்து இருந்தார். போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் விளங்க ஆங்கிலத்தில் கேட்டார்.

"வறுத்தனீங்களோ? புகை எழும்ப?"

அக்கா தலையாட்டினாள்.

"பன்னிரண்டு வருசமா இந்தக் கட்டடத்திலை நான் பாக்கிற வேலை அதுதான். உங்கட ஆக்கள் மிளகாய் வறுப்பினம். நெருப்பு மணி அடிக்கும். நான் எட்டு மாடி ஏறி ஓடுவன். ஒருநாளும் நெருப்பு இல்லை, மிளகாய்தான்." அவர் சிரிக்கத் தொடங்கினார். "கடைசியிலை என்ர அம்மாவையும் வறுத்துப் போட்டீங்கள்."

சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதார். அத்தான்தான் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"என்ர அம்மா ஒண்டையும் வீணாக்காத மனுசி" என்றார் ஷாபியேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "காய்ஞ்ச பாணைச் சூப்பிலை போடுவா. பழைய சட்டையிலை பொத்தானை வெட்டி எடுத்து வைப்பா. மிளகாய் தின்னத்தானே? ஒரு மிளகாயைத் தின்னாமல் விட அவவாலை ஏலாது. அவ பன்னிரண்டை வீணாக்கியிருக்கிறா."

தூக்குச்சட்டியில் என்ன என்று கேட்டார். அக்கா தயங்கித் தயங்கித் திறந்தாள். அவர் பாண் துண்டை வெட்டி, கறியில் தோய்த்துச் சாப்பிட்டார். நண்டுக் காலை உடைத்துச் சாப்பிட்டார். எனக்கு உறைப்பில்லாத கறி அவருக்குக் கண்ணீர் வர உறைத்தது. அக்கா மிளகும் போட்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன்.

"உங்கட கறி. எங்கட மிளகாய்" என்றார். பிறகு சட்டியை வழித்துத் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் கதை வந்தது. சலவை அறையில் மைத்தே சொன்னது ஒரு பாதி என்றால் இது மறு பாதி. ஐம்பதுகளின் முடிவில் சில மாணவர்கள் தொடங்கிய இயக்கம் அது. ஸ்பெயினில் அப்போது சர்வாதிகாரம். பாஸ்க் மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசிய பிள்ளைக்கு அடி விழும். முதலில் மொழி வகுப்பும் துண்டுப் பிரசுரமும். அறுபதுகளின் கடைசியில் துப்பாக்கி. எழுபத்து மூன்றில் நாட்டின் பிரதமரையே காரோடு குண்டு வைத்துக் கொன்றார்கள். இரண்டு வருடம் கழித்துச் சர்வாதிகாரி கட்டிலில் கிடந்து செத்தார். ஷாபியேர் அந்தக் காலத்துப் பொடியன், கார் ஓட்டுவதும் ஆட்களை எல்லை கடத்துவதும் வேலை. அவரைத் தேடத் தொடங்கியதும் குடும்பமே எல்லை தாண்டிப் பிரான்ஸ் பக்கம் வந்தது.

"சர்வாதிகாரி செத்தாப் பிறகு எல்லாரும் வீட்டை போவம் எண்டு நினைச்சன்" என்றார். "பொது மன்னிப்பு வந்தது. எங்களுக்கெண்டு ஒரு பாராளுமன்றம் வந்தது. கொலை கூடினதே தவிர நிக்கேல்லை. பிரான்ஸ் பக்கத்திலை ஸ்பெயின் அரசாங்கத்தின்ர ரகசியக் கும்பல் வந்து எங்கட அகதிகளைச் சுட்டது. அந்தப் பக்கத்திலை நாங்கள் சுட்டம். எண்பத்தாறிலை, இயக்கத்தை விட்டு ஊருக்குத் திரும்பின ஒரு பொம்பிளையை, ஊர்த் திருவிழாவிலை, சின்ன மகன் பக்கத்திலை நிக்க, எங்கட ஆக்களே சுட்டாங்கள். நான் அவவோடை ஒரே மேசையிலை இருந்து சாப்பிட்டவன். அடுத்த மாதம் விமானம் ஏறிட்டன்."

அதன் பிறகு நடந்ததை அவர் இங்கே பத்திரிகையில்தான் படித்தார். பார்சலோனாவில் கடைத் தொகுதியில் வெடித்த குண்டு. போன வருடக் கோடையில் ஓர் இளம் நகரசபை உறுப்பினரைக் கடத்திச் சுட்டபோது இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கிய சனம். இந்தச் செப்ரெம்பரில் வந்த யுத்த நிறுத்தம்.

அவர் அத்தானைப் பார்த்தார். "நீங்களும் இருந்தனீங்களோ?"

அத்தான் எதில் என்று கேட்கவில்லை. "ஓம். ஒண்டரை வருசம். எண்பத்தாறு மட்டும்" என்றார். அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பத்து வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் இதை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

"யுத்த நிறுத்தம் வந்திட்டுதுதானே, இனிப் போகலாமே" என்றேன் நான், அவசரக்குடுக்கை.

"அது துவக்கு வைச்சிருக்கிறவை தங்களுக்குள்ளை செய்யிறது" என்றார். "துவக்கைக் கீழை போட்டவனோடை ஒருத்தரும் இன்னும் யுத்த நிறுத்தம் செய்யேல்லை." பிறகு மெல்லிய குரலில், "என்ர அக்காவும் செய்யேல்லை" என்றார்.

பொதியை அனுப்பியவளே உங்கள் அக்காதானே என்று சொன்னேன். அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு, யோசிக்க வேண்டும் என்றார். ஞாயிறு மாலை ஆறு முப்பதுக்கு என் விமானம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தோம். தூக்குச்சட்டியை மறந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை, 23 ஒக்ரோபர்

மூன்று நாளாக ஒரு செய்தியும் இல்லை. அக்கா என்னைக் குஷிப்படுத்த அஜக்சிலிருந்து பச்சை ரயிலில் ஏரிக்கரை ஓரமாக நகரத்துக்கு அழைத்துப் போனாள், உயர்ந்த கோபுரத்தைக் காட்டினாள், இரண்டு டொலருக்கு ஸ்ட்ரீட்காரில் ஏற்றினாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. என் மனம் அங்கே இல்லை. செவ்வாய் காலையில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மைத்தே என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன சொல்ல? உன் தம்பி கறியைச் சாப்பிட்டார், பதில் சொல்லவில்லை என்றா?

ஞாயிற்றுக்கிழமை, 25 ஒக்ரோபர்

பகல் ஒரு மணிக்கே புறப்பட்டோம். 401-இல் நேரே மேற்கே போக வேண்டிய அத்தான் இடையில் வடக்கே திரும்பினார். அக்கா, "இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?" என்றாள். அத்தான் வேகத்தைக் குறைத்தார். மார்க்கத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். தெருமுனையில் நிறுத்தவில்லை. பதினெட்டாம் இலக்க வீட்டின் முன்னால் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினார்.

ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். யன்னல் திரை அசைந்தது. கதவு திறந்தது. தமையன் செருப்பும் போடாமல் வந்து கார்க் கண்ணாடியில் தட்டினார். அத்தான் கண்ணாடியை இறக்கினார்.

"வதனி போறாளோ?"

"ஓம்."

"கார் புதிசோ?"

"இல்லை. பழசு. ரெண்டாயிரத்து எண்ணூறு டொலர்."

"ரயரைப் பாத்து மாத்து. பனி வரப்போகுது."

"ம்."

அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வியை அன்றும் யாரும் கேட்கவில்லை. ஆனால் தமையன் ஒரு கையைக் கார்க் கதவில் வைத்திருந்தார், அத்தான் கார் எடுக்கும்வரை அதை எடுக்கவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்தும் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

விமான நிலையத்தில் புறப்பாட்டு மண்டபத்தின் தூணடியில் ஷாபியேர் நின்றார். அதே சாவிக்கொத்து, கையில் எங்கள் தூக்குச்சட்டி. அக்காவிடம் நீட்டினார்.

"உங்கட ஆக்களிட்டைப் படிச்சனான். சட்டியை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கக் கூடாதாம்."

அக்கா திறந்தாள். உள்ளே அந்த நூல், மிளகாய் இல்லாமல், நேர்த்தியாகச் சுற்றி வைத்திருந்தது. அக்கா அதை எடுத்து என்னிடம் தந்தாள்.

"இது அம்மாவுக்கு" என்றார் என்னைப் பார்த்து. "இனி எனக்கெண்டு கோக்க வேண்டாம் எண்டு சொல்லு. மிளகாய் அஞ்சும் என்னட்டை இருக்கட்டும்."

அப்படியென்றால் வருகிறீர்களா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தொலைபேசி அட்டையை எடுத்தார். பத்து டொலர் அட்டை, நான்கு நாளைக்கு முன் வாங்கியது, ஒரு நிமிடமும் பாவிக்கவில்லை. "நம்பர் சுத்த ஏலாமல் கிடக்கு. கை வருகுதில்லை. நீ சுத்தித் தா."

நான் பொதுத் தொலைபேசியில் இலக்கங்களை அழுத்தினேன். பிரான்சில் இரவு பத்து மணி. மைத்தே எடுத்தாள். "வதனி?" என்றாள். நான் ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முதலில் மூச்சு மட்டும் விட்டார். பிறகு பாஸ்க் மொழியில் ஒரு சொல், பிறகு இன்னொன்று. பிறகு நிறைய. ஆறு வருடம் மைத்தேயோடு விரிப்பு மடித்தும் அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது நன்றி சொல்வதும் சில சமையற் சாமான்களும்தான். அவர் பேச்சில் "பிப்பெர்" என்ற சொல் வந்தது. மிளகாய். அந்தப் பக்கத்தில் குரல் மாறியது எனக்கே கேட்டது. இன்னும் மெல்லிய, வயதான குரல். ஷாபியேர் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ஏப்ரல்" என்றார். அந்த மாதப் பெயர் எந்த மொழியிலும் விளங்கும் போலிருக்கிறது, இல்லாவிட்டால் விளங்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன்.

என் விமானத்துக்கு அழைத்தார்கள். அவர் பேசிக்கொண்டேயிருந்தார். தோளில் தட்டி விடைபெற்றேன், திரும்பவில்லை. அதற்காக எனக்குக் கோபமில்லை. பாதுகாப்புச் சோதனைக் கதவில் நின்று திரும்பிப் பார்த்தபோது அத்தான் பக்கத்தில் நின்று அவருடைய சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அது இடுப்பில் ஆடிச் சத்தம் போட்டதில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

பயோன், நவம்பர் முதல் வாரம்

வேலை முடிந்து மைத்தேயுடன் அவளுடைய கிராமத்துக்குப் போனேன், இருபது கிலோமீற்றர். வீட்டுச் சுவரெல்லாம் சிவந்த மிளகாய் மாலைகள். தாய் குசினியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முறிந்த இடுப்பு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. நாற்காலியில் சாத்தி வைத்த கைத்தடி வழுக்கி வழுக்கி நிலத்தில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் மைத்தே குனிந்து எடுத்தாள்.

நூலைக் கொடுத்தேன். மிளகாய்க்கு நடந்ததையும் சொன்னேன், மைத்தே மொழிபெயர்த்தாள். கிழவி பொக்கை வாயால் சிரித்தார். நல்லாய்ச் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டார். சட்டியை வழித்தார் என்றேன்.

அந்த நூலை நெஞ்சோடு அணைப்பார், பெட்டியில் பூட்டி வைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். நம்மவர் அப்படித்தான் செய்வார்கள். போரில் போன பிள்ளையின் ஒரு பொத்தானைக்கூடப் பட்டில் சுற்றி வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். கிழவி நூலை இழுத்துப் பார்த்தார், பலமாகத்தான் இருந்தது. ஒரு முனையைக் கைத்தடியின் பிடியில் முடிந்தார், மறுமுனையை வளையமாக்கி நாற்காலியின் கையில் மாட்டினார். தடி விழவில்லை.

அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்த யுத்த நிறுத்தம் முறிந்துபோனது. ஆனால் ஏப்ரல் அதற்கு முன்னரே வந்துவிட்டது.

அன்று நான் புறப்படும்போது கிழவி தடியை நூலோடு கழற்றி, ஊன்றி, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருக்கச் சொல்லி மைத்தே சத்தம் போட்டாள். அவர் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து வாசல்வரை எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு நடந்தார். என்ன சொல்கிறார் என்று மைத்தேயைக் கேட்டேன்.

"ஏப்ரலிலை வாசலுக்குத் தான்தான் போய்க் கதவு திறக்கவேணுமாம்" என்றாள் மைத்தே. "நான் திறக்கக் கூடாதாம்."